வெறுங்கையால் கெளுத்தி பிடிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் தென்மாநிலங்களில் ஒரு விளையாட்டு உண்டு. கோடை தொடங்கியதும் ஆற்றில் இறங்கி, தண்ணீருக்குள் இருக்கிற கரைப் பொந்தில் கையை விட்டு, உள்ளே இருக்கும் கெளுத்தி கையைக் கடிக்கும்வரை காத்திருந்து, கடித்ததும் அதன் தாடையைப் பற்றி வெளியே இழுப்பார்கள். தூண்டில், வலை, இரை எதுவும் கிடையாது. பெயர் நூட்லிங். நான் சிவகங்கைப் பக்கத்துக்காரன், இப்போது இருப்பது டெக்சஸின் வடக்கு மூலையில், எல்லை தாண்டினால் ஓக்லஹோமா. ஐந்து கோடைகளாக இதற்குப் போய்வருகிறேன். போன வருஷம் ஒரு படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன், அன்றிலிருந்து சித்தப்பா முதல் பள்ளிக்கூட நண்பர்கள் வரை கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அடிக்கடி வருகிற கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

அது என்ன மீன்? நம்ம ஊர்க் கெளுத்திதானா?

சொந்தக்காரன்தான், ஆனால் அளவு வேறு. நம் கண்மாயில் கிடைக்கும் கெளுத்தி உள்ளங்கை நீளம். இங்கே நூட்லிங்காரர்கள் தேடுவது பிளாட்ஹெட் கெளுத்தி, பெயருக்கேற்ற தட்டைத் தலை, மேல்தாடையைவிடக் கீழ்த்தாடை கொஞ்சம் முன்னே துருத்திக்கொண்டிருக்கும், உடம்பு மஞ்சளும் பழுப்பும் கலந்து தேமல் விழுந்த மாதிரி. பத்துப் பதினைந்து கிலோ மீன் சாதாரணமாகக் கிடைக்கும். தூண்டிலில் பிடித்த உலக சாதனை மீன் 1998-இல் கான்சஸ் மாநிலத்தின் எல்க் சிட்டி நீர்த்தேக்கத்தில் கிடைத்தது, 123 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 56 கிலோ. ஒரு ஆள் எடை.

மற்றக் கெளுத்திகள் செத்தது அழுகியது எல்லாம் தின்னும். பிளாட்ஹெட் அப்படியில்லை, உயிருள்ள மீனைத் துரத்திப் பிடித்துத் தின்கிற இரவு வேட்டைக்காரன். பகலில் மரவேர், பாறை இடுக்கு என்று ஒதுங்கிக் கிடக்கும். இருபது வருஷத்துக்கு மேலும் வாழும். இந்த வயது விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். பெரிய நீலக் கெளுத்தியும் சேனல் கெளுத்தியும்கூடப் பொந்தில் சிக்குவதுண்டு, ஆனால் எல்லோரும் பேசுவது பிளாட்ஹெட்டைப் பற்றித்தான்.

கையை ஏன் கடிக்கிறது? இரை என்று நினைத்தா?

இல்லை. இதுதான் எல்லோரும் தப்பாகப் புரிந்துகொள்கிற இடம், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

தண்ணீர் 24 டிகிரியிலிருந்து 28 டிகிரிக்குள் சூடேறும்போது, அதாவது மே கடைசியிலிருந்து ஜூலை வரை, பிளாட்ஹெட்டுக்குச் சினைக்காலம். முட்டை வைக்க அதற்கு ஓர் இருட்டான பொந்து வேண்டும். ஆறு அரித்த கரையின் அடிப்பக்கம், பொந்து விழுந்து முழுகிக் கிடக்கும் மரம், அணைக்கரையில் அடுக்கிய பாறைகளின் இடைவெளி, படகு இறக்குகிற சிமெண்ட் சரிவின் கீழே தண்ணீர் பறித்த குழி, எதுவானாலும் சரி. பெண்மீன் வந்து முட்டையிடும். அப்புறம் ஆண்மீன் பெண்ணைத் துரத்திவிட்டுத் தானே காவலுக்கு உட்கார்ந்துவிடும். முட்டைக் குவியலுக்கு மேல் வாலையும் துடுப்பையும் அசைத்துக்கொண்டே இருக்கும், விசிறி வீசுவது மாதிரி. அந்த ஓட்டம் நின்றால் முட்டைக்கு மூச்சு போகாது, பூஞ்சை பிடித்துவிடும். ஒரு வாரம் போல இந்தக் காவல், குஞ்சு பொரித்த பிறகும் சில நாள்.

அந்த நேரத்தில் நம் கை உள்ளே போனால் அதற்கு அது முட்டை திருட வந்த எதிரி. அதனால்தான் கடிக்கிறது. பசிக்காகக் கடிக்கிற மீன் கடித்துவிட்டு ஓடப் பார்க்கும். இது ஓடாது, திரும்பத் திரும்ப வாசலுக்கு வந்து முட்டும். நூட்லிங் என்கிற விளையாட்டே ஒரு தகப்பன் தன் வீட்டு வாசலை விட்டு நகராது என்கிற உண்மையின் மேல்தான் நிற்கிறது.

இது எப்போது, யாரால் தொடங்கியது?

இங்குள்ள பூர்வகுடி மக்களின் வழக்கம் இது. ஜேம்ஸ் அடேர் என்ற வணிகர் தென்கிழக்குப் பகுதியில் அவர்களோடு பல வருஷம் இருந்து பழகியவர், 1775-இல் வெளிவந்த அவருடைய எழுத்தில் இதைப் பார்த்த மாதிரியே விவரித்திருக்கிறார்: சிவப்புத் துணியைக் கையில் உள்ளங்கை வரை சுற்றிக்கொண்டு பாறைக்கு அடியில் முங்குவார்கள், பெரிய கெளுத்தி அந்தத் துணியை ஆவேசமாகக் கவ்வும், உடனே கையை விரித்து உள்ளிருந்தே பிடித்து, பாறை இடுக்கில் மல்லுக்கட்டிக் கரைக்கு இழுத்து வருவார்கள். இருநூற்றைம்பது வருஷத்துக்குப் பிறகு நான் கற்றுக்கொண்டதும் ஏறக்குறைய இதே முறைதான், சிவப்புத் துணி மட்டும் இல்லை.

பிறகு குடியேறிய வெள்ளைக்கார விவசாயிகளும் கற்றுக்கொண்டார்கள். 1930-களின் கடும் பஞ்சத்தில் தூண்டில் வாங்கக் காசில்லாத வீடுகளுக்கு இது சாப்பாட்டு வழியாக இருந்தது. அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு என்றுதான் பொந்துகள் கைமாறும். இன்றைக்கும் நல்ல பொந்து இருக்குமிடத்தை வெளியாளிடம் சொல்லமாட்டார்கள்.

ஏன் இத்தனை பெயர்?

ஓக்லஹோமாவில் நூட்லிங். மிசிசிப்பி, டென்னசி பக்கம் கிராப்ளிங் என்பார்கள். வேறு சில இடங்களில் ஹாகிங். அரசாங்க விதிமுறைகளில் ஹேண்ட்ஃபிஷிங் என்றோ ஹேண்ட் கிராபிங் என்றோ இருக்கும். எல்லாம் ஒன்றுதான்.

சட்டப்படி சரியா?

மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஓக்லஹோமா, கான்சஸ், மிசிசிப்பி, டென்னசி, கென்டக்கி, அலபாமா, ஆர்கன்சா, லூயிசியானா போன்ற மாநிலங்களில் அனுமதி உண்டு. டெக்சஸில் 2011 வரை இது குற்றம், 500 டாலர் வரை அபராதம் போடலாம். அந்த வருஷம்தான் சட்டம் திருத்தப்பட்டு செப்டம்பரிலிருந்து அனுமதி வந்தது.

அனுமதி இருக்கிற இடத்திலும் நுணுக்கம் நிறைய. கான்சஸில் மீன்பிடி உரிமத்தோடு இதற்கென்று தனி அனுமதிச் சீட்டு வேண்டும், குறிப்பிட்ட ஆறுகளிலும் நீர்த்தேக்கங்களிலும் மட்டும்தான் பிடிக்கலாம். மிசிசிப்பியில் மே 1 முதல் ஜூலை 15 வரைதான். டெக்சஸில் கை என்றால் கைதான், துழாவிப் பார்க்கக் குச்சிகூடக் கூடாது, கொக்கி கூடாது, மீன் வந்து தங்கட்டும் என்று பீப்பாயோ பெட்டியோ போட்டு வைக்கவும் கூடாது. பெட்டி போடுவதை ஏற்கிற மாநிலங்களும் உண்டு. ஆற்றின் இந்தக் கரையில் சரியானது அந்தக் கரையில் குற்றமாக இருக்கலாம், ஏனென்றால் எங்கள் பக்கம் ஆறுதான் மாநில எல்லை. ஒவ்வொரு வருஷமும் அந்தந்த மாநில வனவிலங்குத் துறையின் விதியைப் படித்துவிட்டுத்தான் இறங்கவேண்டும். போன வருஷம் இப்படித்தானே இருந்தது என்று போய் அபராதம் கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மிசூரியில் மட்டும் ஏன் இவ்வளவு கெடுபிடி?

மீன் குறைந்துவிடும் என்கிற பயம்தான். அங்கே இது பல காலமாகத் தடை. நூட்லிங்காரர்கள் விடாமல் கேட்டதால் 2005-இல் மூன்று ஆறுகளின் சில பகுதிகளில் சோதனை முறையில் அனுமதித்தார்கள். ஐந்து வருஷத் திட்டம், ஆனால் 2007-இலேயே நிறுத்திவிட்டார்கள். முட்டைக் காவலில் இருக்கிற பெரிய மீனைக் குறிவைத்து எடுப்பதை அந்த ஆறுகள் தாங்காது என்பது மாநில இயற்கைவளப் பாதுகாப்புத் துறையின் முடிவு.

நூட்லிங் செய்கிற பலருக்கு அந்த முடிவு பிடிக்கவில்லை. எனக்கு அதில் நியாயம் தெரிகிறது. ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

எப்படித்தான் பிடிக்கிறீர்கள்? முதல் முறை எப்படி இருந்தது?

என் கூட வேலை பார்க்கிற ஒருவர்தான் கூட்டிக்கொண்டு போனார், ஓக்லஹோமாக்காரர், ஏழு வயதில் அவருடைய அப்பா கையைப் பிடித்து முதல் பொந்துக்குள் விட்டாராம். ஜூன் மாதம், காலை எட்டு மணி, செம்மண் கரைத்த மாதிரி ஆறு, நெஞ்சளவு தண்ணீர். உள்ளே எதுவுமே தெரியாது. கண்ணை மறந்துவிட்டுக் காலாலும் கையாலும் பார்க்கவேண்டிய விளையாட்டு.

முதலில் காலால் கரையோரமாகத் தடவிக்கொண்டே போவோம். கால் ஓர் இடத்தில் உள்வாங்கும். அதுதான் பொந்து. உடனே அதன் வாசலில் கால் வைத்து அடைத்துக்கொள்ளவேண்டும், முழங்காலோ வயிறோ எதுவானாலும். பக்க வழி இருக்கிறதா என்று கூட வந்தவர் தேடுவார், இருந்தால் அவர் அங்கே உட்கார்ந்து அடைப்பார். வாசல் அடைபடாவிட்டால் மீன் உங்கள் தொடை மேல் உரசிக்கொண்டு போய்விடும், உரசியது மட்டும்தான் மிச்சம்.

அப்புறம் தரையைத் தடவிப் பார்ப்போம். இது எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. சேறும் இலையும் படிந்திருந்தால் உள்ளே யாரும் இல்லை. தரை வழவழவென்று, சாணி தெளித்துப் பெருக்கி வைத்த வாசல் மாதிரி சுத்தமாக இருந்தால் ஆள் இருக்கிறது, அது வாலால் வீசி வீசி அப்படி வைத்திருக்கிறது.

கையை அவசரமே இல்லாமல், விரல்களை ஒட்டி வைத்து, உள்ளங்கை கீழே பார்க்க, தரையோடு தரையாக நகர்த்தவேண்டும். அன்றைக்கு முழங்கை தாண்டி உள்ளே போனபோது முதலில் ஒரு அதிர்வு வந்தது, தண்ணீர் வழியாக, நெஞ்சில் மத்தளம் அடித்த மாதிரி. மீன் வாலால் பொந்துச் சுவரை அடிக்கிறது. "அசையாதே" என்றார். அடுத்த நொடி மணிக்கட்டு வரை கை அதன் வாய்க்குள். வலி என்று சொல்லமாட்டேன், கதவு இடுக்கில் கை மாட்டின அழுத்தம், அதோடு உப்புத்தாளில் தேய்த்த எரிச்சல். இழுக்கத்தான் தோன்றும். இழுக்கக்கூடாது. கட்டைவிரல் வெளியே, நான்கு விரல் உள்ளே என்று கீழ்த்தாடையைப் பிடித்துக்கொள்ளவேண்டும். பிடித்தது தெரிந்ததும் அது உருள ஆரம்பிக்கும், முதலை உருளுகிற மாதிரி. கூடவே நம் கையும் உருளவேண்டும், எதிர்த்து நின்றால் தோல் போய்விடும், தோள்பட்டையும் பிசகலாம். இரண்டாவது கை தாடைக்கு வந்த பிறகு மெதுவாக வாசலுக்கு இழுத்து, கால்களால் அதன் உடம்பை அணைத்துக்கொண்டு எழுந்து நிற்கவேண்டும். செவுளுக்குள் விரல் விடாதீர்கள். செவுள் கிழிந்தால் விட்டாலும் பிழைக்காது.

பதினோரு கிலோ இருந்தது. கண் மட்டும் உடம்புக்குப் பொருந்தாமல் சின்னதாக, மிளகு மாதிரி. மீசை என் மணிக்கட்டில் ஒட்டிக்கொண்டிருந்தது.

பல் இல்லையா? கை துண்டாகாதா?

துண்டாகாது. கடித்துக் குதறுகிற பல் இல்லை. தாடை முழுக்கப் பொடிப்பொடியாக, உள்நோக்கிச் சாய்ந்த ஆயிரக்கணக்கான பல், தொட்டால் அரம் மாதிரி. அதனால்தான் வெளியே இழுக்கும்போது தோல் சிராய்கிறது. மோதிரம், கடிகாரம், கயிறு எல்லாம் கழற்றிவைத்துவிட்டு இறங்குங்கள்.

கையுறை போடலாமா என்றும் கேட்கிறார்கள். பலர் போடுகிறார்கள். நான் போடுவதில்லை, பொந்துக்குள் இருப்பது மீனா வேறு எதுவுமா என்று விரல்நுனிக்குத் தெரியவேண்டும்.

வேறு எதுவும் என்றால்?

ஆமை, பாம்பு, பீவர், நீரெலி. தெற்கே போனால் முதலை வகையான அலிகேட்டர். ஸ்னாப்பிங் ஆமை விரலை எடுத்துவிடக்கூடியது. காட்டன்மவுத் என்ற நீர்ப்பாம்புக்கு விஷம் உண்டு. பீவர் என்பது பெரிய கொறிவிலங்கு, மரத்தை அறுக்கிற பல், அது கடித்தால் விளையாட்டு முடிந்தது.

எப்படிப் பிரித்துத் தெரிந்துகொள்வது? பழையவர்கள் சொல்லிக்கொடுக்கிற கணக்கு: பொந்து முழுக்கத் தண்ணீருக்குள் இருக்கவேண்டும். உள்ளே மேல்நோக்கி ஏறி, காற்றுப்படுகிற இடம் வரை போனால் அது மூச்சு விடுகிற பிராணியின் வீடு, கையை எடுத்துவிடு. குச்சிக்கு அனுமதி உள்ள மாநிலத்தில் முதலில் குச்சியால் தொட்டுப் பார்ப்பார்கள், மீன் என்றால் ரப்பரை இடித்த மாதிரி மெத்தென்று இருக்கும், ஆமை ஓடு என்றால் டக்கென்று சத்தம் கைக்கு வரும். இந்தக் கணக்கு எல்லாமே அனுபவம்தான், உத்தரவாதம் கிடையாது. சந்தேகம் என்றால் அடுத்த பொந்துக்குப் போங்கள், ஆறு நீளமாகத்தான் இருக்கிறது.

அப்போ பெரிய ஆபத்து பாம்புதானே?

இல்லை, தண்ணீர். இந்த விளையாட்டில் உயிர் போவது முழுகித்தான். தலையைத் தண்ணீருக்குள் விட்டு, கை தோள்வரை பொந்துக்குள், இருபது கிலோ மீன் கையைக் கவ்விக்கொண்டு உள்ளே இழுக்கிறது, மூச்சு முட்டுகிறது. அல்லது உடுப்பு வேரில் மாட்டுகிறது. அல்லது மேலே இருக்கிற கரை சரிகிறது. தனியாக இருந்தால் யாருக்கும் தெரியாது.

அதனால் நான் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிற விதிகள் இரண்டு. தனியாக இறங்குவதே இல்லை, கூட ஒருவர், முடிந்தால் இருவர், அதில் ஒருவர் இன்னொருவரின் காலையோ இடுப்பையோ பிடித்திருக்கவேண்டும், காலை இரண்டு தடவை உதைத்தால் இழுத்துவிடு என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளவேண்டும். அடுத்தது, நின்றால் தலை வெளியே இருக்காத ஆழத்துக்குப் போவதில்லை. மழை பெய்து தண்ணீர் ஏறியிருந்தால் அன்றைக்குத் திரும்பிவிடுவோம். பீர் குடித்துவிட்டு இறங்குகிற கூட்டத்தோடு போகவே மாட்டேன்.

சிராய்ப்புக்கு மருந்து?

கரைக்கு வந்ததும் சோப்பு, சுத்தத் தண்ணீர், நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். ஆற்றுத் தண்ணீரில் ஏரோமோனாஸ் போன்ற கிருமிகள் உண்டு, சின்னக் கீறல் வழியாகவும் உள்ளே போய்ச் சீழ் வைக்கும். டெட்டனஸ் ஊசி காலாவதியாகாமல் இருக்கட்டும். மறுநாள் கை சிவந்து வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் போங்கள், ஆற்றில் அடிபட்டது என்பதைச் சொல்லுங்கள், அதைச் சொன்னால்தான் சரியான மருந்து கொடுப்பார்கள்.

முள் குத்தினால் நம் ஊரில் கெளுத்தி குத்தினதுக்குச் செய்கிற மாதிரிதான், தாங்குகிற அளவு சூடான தண்ணீரில் அந்த இடத்தை முக்கி வைத்தால் கடுப்பு குறையும். பெரிய பிளாட்ஹெட்டின் முள் நம் ஊர்த் தேளி மீனின் முள் அளவுக்குக் கடுக்காது.

நம்ம ஊர் மீன்பிடித் திருவிழா மாதிரியா இது?

என் அப்பா கேட்டது. இரண்டுமே கை நனைகிற சந்தோஷம்தான், ஆனால் நேர் எதிர் என்று சொன்னேன். நம் பக்கம் அறுவடை முடிந்து கண்மாய் வற்றுகிற நேரத்தில், ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டு வீசினதும் ஊரே ஒரே நேரத்தில் இறங்கும். ஊத்தா, கச்சா, வலை, வேட்டி, வெறுங்கை, எதைக் கொண்டு வந்தாலும் சரி. அந்த மீன் எப்படியும் வெயிலில் தண்ணீரில்லாமல் சாகப்போகிற மீன், அதை ஊர் பகிர்ந்துகொள்கிறது. நாளைக்கு மழை பெய்து கண்மாய் பெருகினால் மீனும் பெருகும்.

இங்கே அப்படியில்லை. ஆறு வற்றவில்லை, மீன் சாகப்போவதில்லை, அது குடும்பம் நடத்திக்கொண்டிருக்கிற நேரத்தில் நாம் வாசலில் போய் நிற்கிறோம். பொறுப்பு முழுக்க நம் கையில்.

போட்டி நடக்கிறதாமே?

நடக்கிறது. ஓக்லஹோமாவில் பால்ஸ் வேலி என்ற சிற்றூரில் 2000-இல் ஓர் ஆவணப்படத்தின் படப்பிடிப்பை ஒட்டித் தொடங்கியது, இப்போது வருஷந்தோறும் கோடையில் ஆயிரக்கணக்கானோர் வருகிற திருவிழாவாகிவிட்டது. பாட்டு, சாப்பாட்டுக் கடை, கெளுத்தி வறுவல், குழந்தைகளுக்குத் தனிப் போட்டி. பிடித்த மீனைப் பெரிய தொட்டியில் உயிரோடு கொண்டுவந்து மேடையில் எடை போடுவார்கள். காற்று உருளையோடு முங்கிப் பிடிப்பவர்களுக்குத் தனிப் பிரிவு, மூச்சைப் பிடித்துக்கொண்டு பிடிப்பவர்களுக்குத் தனிப் பிரிவு. பெண்கள் நன்றாகப் பிடிக்கிறார்கள், கை சிறியது என்பதால் குறுகின பொந்துக்குள் எளிதாகப் போகும் என்று எங்கள் கூட்டத்தில் வருகிற ஓர் அம்மா சொல்வார், அவர் பொந்து தவறவிட்டு நான் பார்த்ததில்லை.

ஒருமுறை போய்ப் பார்த்தேன். கூட்டமும் பிள்ளைகளின் முகமும் பிடித்திருந்தது. தொட்டியில் கிடந்த மீன்களைப் பார்க்கப் பிடிக்கவில்லை. மணிக்கணக்கில் வண்டியில் வந்த மீன் அது, எந்தப் பொந்திலிருந்து வந்ததோ, அந்தப் பொந்தில் இப்போது விசிறி வீச யாருமில்லை.

பிடித்த மீனை என்ன செய்கிறீர்கள்?

இதற்கான பதில் இரண்டாவது கோடையில் மாறிவிட்டது.

ஒரு முழுகின மரத்துக்குள் கை விட்டிருந்தேன். மீன் வலது பக்கம் முட்டிக்கொண்டிருந்தது. கையை இடது பக்கம் திருப்பினபோது விரல் ஏதோ ஒன்றில் பதிந்தது. கொழகொழவென்று, ஜவ்வரிசிக் கூழ் ஆறினால் ஆடை கட்டுமே, அந்த மாதிரி, ஆனால் ஒவ்வொரு மணியும் தனித்தனியாக விரலுக்குத் தெரிந்தது. எடுத்துப் பார்த்தால் விரல்நுனியில் நாலைந்து மஞ்சள் முத்து ஒட்டியிருந்தது. முட்டை. ஒரு பெரிய பெண்மீன் பல்லாயிரம் முட்டை வைக்கும். அந்தக் குவியலுக்கும் எனக்கும் நடுவில் அந்த ஆண்மீன் வந்து நின்றது, என் கையைக் கடித்தது, நான் கையை எடுத்ததும் விட்டுவிட்டது, துரத்திக்கொண்டு வெளியே வரவில்லை.

அன்றிலிருந்து நான் செய்வது இதுதான். முட்டை விரலுக்குத் தட்டுப்பட்டால் கையை எடுத்துவிடுவேன். பிடித்த மீனைத் தண்ணீருக்கு வெளியே ஒரு நிமிஷத்துக்கு மேல் வைத்திருப்பதில்லை, ஒரு படம், பிறகு அதே பொந்தின் வாசலில் தலையை உள்நோக்கி வைத்து விடுவேன். சாப்பாட்டுக்கு என்று எடுத்தால் கோடைக்கு ஒன்றோ இரண்டோ, நாலைந்து கிலோ அளவில், அதுவும் சினைப்பொந்தில் இல்லாதது. பதினைந்து கிலோவுக்கு மேலே உள்ளதைத் தொட்டுப் பார்ப்பதோடு சரி. அந்த அளவுக்கு வளர அதற்கு எத்தனை வருஷம் பிடித்திருக்கும், அதை எடுத்தால் அந்தப் பொந்துக்கு அப்படி ஒன்று திரும்ப வர எத்தனை வருஷம் ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

எல்லோரும் இப்படித்தான் செய்யவேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. அனுமதித்த எண்ணிக்கைக்குள் எடுத்துப்போய்ச் சாப்பிடுகிற குடும்பங்கள் உண்டு, அது அவர்கள் தாத்தா காலத்து வழக்கம், அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. சண்டை எல்லாம், படத்துக்காக ஒரே நாளில் பத்துப் பொந்தைக் காலி செய்கிறவர்களோடுதான்.

பிளாட்ஹெட் வரக்கூடாத ஆறுகளும் இருக்கிறதாமே, அங்கே?

நல்ல கேள்வி, ஒரு தம்பி கேட்டார். பிளாட்ஹெட்டின் சொந்த இடம் மிசிசிப்பி ஆற்று வடிநிலமும் அதை அடுத்த சில வடிநிலங்களும். மனிதர்கள் கொண்டுபோய் விட்டதில் கிழக்குக் கடலோர ஆறுகளிலும் பரவிவிட்டது. வட கரோலினாவின் கேப் ஃபியர் ஆற்றில் 1966-இல் விட்டார்கள். ஜார்ஜியாவின் சடில்லா ஆற்றில் அங்குள்ள ரெட்பிரெஸ்ட் என்ற சிறு மீனைத் தின்று தீர்க்கிறது என்று மாநிலத் துறையே மின்சாரம் பாய்ச்சுகிற படகு வைத்துப் பிடித்து அகற்றுகிறது. அந்த மாதிரி ஆற்றில் பிடித்தால் திரும்ப விடாதீர்கள், வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமையுங்கள். நான் மேலே சொன்னது அது பிறந்த ஆறுகளுக்கு.

ருசி எப்படி?

கெளுத்திகளிலேயே நல்ல ருசி பிளாட்ஹெட்தான். வெள்ளைச் சதை, முள் குறைவு, சேற்று வாடை அவ்வளவாக இல்லை. இங்கே சோளமாவில் புரட்டி எண்ணெயில் பொரிப்பார்கள். நான் புளி கரைத்துக் குழம்பு வைப்பேன், நல்லெண்ணெய் மேலே மிதக்க, மறுநாள் இன்னும் நன்றாக இருக்கும். மஞ்சள் கொழுப்பை வெட்டி எறிந்துவிடுங்கள், வாடை இருப்பது அதில்தான். ரொம்பப் பெரிய, வயதான மீனில் பாதரசம் போன்றவை சேர்ந்திருக்கும், எந்த ஆற்று மீனை எவ்வளவு சாப்பிடலாம் என்று ஒவ்வொரு மாநிலமும் எச்சரிக்கை வெளியிடுகிறது, அதைப் பாருங்கள். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் கட்டாயம் பார்க்கவேண்டும்.

நான் அங்கே வந்தால் கூட்டிக்கொண்டு போவாயா?

நீச்சல் தெரிந்தால். ஜூன் இரண்டாவது வாரத்தில் வாருங்கள், வெளிமாநிலத்தவருக்கான உரிமம் இணையத்திலேயே எடுத்துவிடலாம். பழைய முழுக்கால் ஜீன்ஸ், கட்டின கயிறு கழலாத பழைய ஷூ, இரண்டு துண்டு. முதல் நாள் கை விடச் சொல்லமாட்டேன், வாசலில் உட்கார்ந்து காலால் அடைத்துக்கொண்டிருங்கள். உள்ளிருந்து அந்த மத்தள அதிர்வு உங்கள் முழங்காலுக்கு வரும்போது தெரிந்துவிடும், கை விடுகிற ஆளா இல்லையா என்று.